மூன்று லென்ஸ் போதும்: கோபுர வீதி முதல் வாடிவாசல் வரை

புதிதாகக் கேமரா வாங்கிய தம்பி தங்கைகள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, அடுத்து என்ன லென்ஸ் வாங்கலாம்?" ஒரு மாதம் எதுவும் வாங்காதீர்கள் என்பேன். கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸில் என்ன குறைகிறது என்று உங்கள் படங்களே சொல்லட்டும். (இந்த எண்கள் மி.மீ.யில் ஃபோக்கல் லெங்த்: எண் சிறிதானால் காட்சி அகலமாகும், பெரிதானால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்.) நான் அப்படிச் செய்யவில்லை. கையில் போனஸ் வந்ததும் 10-20 வைடு லென்ஸை வாங்கிவிட்டேன். கோபுரம் முழுசாக வர வேண்டும் என்ற ஒரே ஆசை. வந்தது, மல்லாந்து விழப்போகிற மாதிரி.

கீழே உள்ள எண்களெல்லாம் ஏபிஎஸ்-சி எனப்படும் க்ராப் சென்சார் (படம் பதியும் சில்லு சிறியதாக உள்ள) கேமராவுக்கு. அதைவிடப் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் வைத்திருப்பவர்கள் ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். இங்கே 18 என்றால் அங்கே 27.

முதல் வேலை: எண்ணுவது

ஒரு மாதப் படங்களில் பிடித்த ஐம்பதை எடுங்கள். ஒவ்வொரு படத்தின் விவரத்திலும் ஃபோக்கல் லெங்த் பதிவாகியிருக்கும். நோட்டில் மூன்று கட்டம் போட்டு 18-24, 25-45, 46-55 என்று கோடு கிழித்துக்கொண்டே வாருங்கள். 55இல் நிறையப் படம் இருந்து, அவற்றையும் ஓரம் வெட்டிப் பெரிதாக்கியிருக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு டெலி, அதாவது தூரத்தைக் கிட்டக் காட்டும் லென்ஸ் தேவை. 18இல் நிறைய இருந்தால் உடனே வைடுக்கு ஓட வேண்டாம். பின்னால் போக இடமில்லாமல் 18க்குப் போனீர்களா, அல்லது ஆன் செய்ததும் ஜூம் அங்கே இருந்ததா? என் கணக்கில் பாதிக்கு மேல் இரண்டாவது ரகம்தான்.

அப்புறம், ஒதுக்கித் தள்ளிய படங்களையும் பாருங்கள். ஆட்டம் கண்டது, புள்ளி புள்ளியாக வந்தது எத்தனை? அங்கே குறை தூரமல்ல, வெளிச்சம்.

வைடு: காசு போடும் முன் ஒரு கணக்கு

மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி. கேமராவை நெட்டுவாக்கில், அண்ணாத்தாமல் நேராகப் பிடித்தால் ஃபிரேமின் மேல்பாதிக்குள்தான் கோபுரம் அடங்க வேண்டும். 18 மி.மீ.யில் அதற்கு ஏறக்குறைய 260 அடி தள்ளி நிற்க வேண்டும். 10 மி.மீ.யில் 145 அடி. அண்ணாத்திப் பிடித்தால் 18லேயே 75 அடி போதும், ஆனால் உச்சி குறுகிக் கோபுரம் பின்னால் சாயும். 10 மி.மீ.யும் அண்ணாத்தினால் சாயத்தான் செய்யும். ஆக, என் போனஸ் வாங்கித் தந்தது 115 அடி நடை. அதை நான் காலாலேயே நடந்திருக்கலாம். இல்லையென்றால் தள்ளியிருக்கும் ஒரு மொட்டை மாடிக்கு ஏறி, கண் மட்டத்துக்குக் கோபுரத்தை இறக்கி 55இல் எடுத்திருக்கலாம்.

திருமலை நாயக்கர் மகால் முற்றம் மாதிரி அகலமான இடத்துக்கு ஒட்டுப்படம் எடுங்கள். மேனுவல் மோடு, ஃபோக்கஸும் ஒயிட் பேலன்ஸும் பூட்டியபடி, கேமராவை நெட்டுவாக்கில் பிடித்து இடமிருந்து வலமாக ஐந்தாறு படம். ஒவ்வொன்றும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கைத் தொட வேண்டும். கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்ளலாம். தூண்கள் பக்கத்தில் இருந்தால் ஒட்டு இடத்தில் கொஞ்சம் பிசகும்; இரண்டு எட்டு தள்ளி நின்றால் சரி.

இரண்டாவது லென்ஸ்: வெளிச்சத்துக்கு

மதுரையில் எடுக்கத் தோன்றுவதில் பாதி, வெயில் சாய்ந்த பிறகோ விடிவதற்கு முன்போ நடக்கிறது. சாயங்காலம் பல்பு வெளிச்சத்தில் மல்லிகை கட்டுகிற அக்காவின் விரல்கள் ஒரு நொடி நிற்காது. கிட் லென்ஸ் 35 மி.மீ.யில் எஃப் 4.5 அளவுக்குத்தான் திறக்கும் (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது). ஜூம் இல்லாத எஃப் 1.8 பிரைம் லென்ஸ் அதைவிட ஆறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்; ஏற்றினால் புள்ளி கூடும்) 6400 கேட்ட படம் இங்கே 1000இல் முடிந்துவிடும். நாரும் மொட்டும் பிரிந்து தெரியும்.

35ஆ 50ஆ என்று தெரியவில்லையா? கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 35இல் வைத்து டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க எடுங்கள். மறுநாள் 50இல். வீட்டுக்குள்ளும் கடை வாசலிலும் 50இல் முதுகு சுவரில் முட்டும். முகம் மட்டும் எடுப்பவருக்கு அதுதான் சரி. எனக்கு 35.

ஒரு எச்சரிக்கை. நிக்கான் டி3500, டி5600 மாதிரி கேமரா பாடிகளுக்குள் ஃபோக்கஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று தனக்குள் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி 50 வாங்கினால் கையால்தான் ஃபோக்கஸ் செய்ய வேண்டும். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

மூன்றாவது: டெலி

55-200, 55-250, 70-300 எதுவானாலும் சரி. 55க்கும் 70க்கும் நடுவே இடைவெளி விழுகிறதே என்று கவலைப்பட வேண்டாம். இரண்டு எட்டு முன்னால் போனால் அது மூடிவிடும். டெலிக்கு முதல் வேலை ஜல்லிக்கட்டு: தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். பகல் வெயிலில் எஃப் 5.6 தாராளம். காளை வாடிவாசலைத் தாண்டும்போது ஷட்டர் 1/1000க்குக் குறையக் கூடாது. லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசர் உங்கள் கை ஆட்டத்தைத்தான் பிடிக்கும், காளையைப் பிடிக்காது. கண்மாய்ப் பறவைகளுக்கு 300கூட இழுபறிதான்.

அழகர் ஆற்றில் இறங்கும் காலை வேறு கதை. வெளிச்சம் குறைவு, கூட்டம் நெரிக்கும், துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுவார்கள். அங்கே நின்றுகொண்டு டெலியைக் கழற்றி வைடு மாட்டப் போனேன். பாடியின் வாய் திறந்திருந்த நேரம் பார்த்து ஒரு பீய்ச்சல். அன்றைக்கு மீதிப் படம் எதுவும் இல்லை. இப்போதெல்லாம் டெலியை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு போகிறேன், அகலமான காட்சிக்கு போன். திருவிழாதான் உங்கள் வேலை என்றால் 18-200 ஒன்றே போதும் என்று சொல்பவர்களோடு சண்டை போட மாட்டேன். இருட்டில் திணறும், அவ்வளவுதான்.

பழைய லென்ஸ் வாங்கும்போது

இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்பக்கமிருந்து போன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். தூசி இரண்டு மூன்று இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி இழை ஓடினால் பூஞ்சை. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். பாடியில் மாட்டி அசைத்தால் லொடலொடக்கக் கூடாது. வாங்கிய பிறகு, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

என் 10-20 அலமாரியில் துணிகளுக்கு நடுவே இரண்டு மழைக்காலம் கிடந்தது. விற்கக் கொண்டுபோனபோது கடைக்காரர் டார்ச் அடித்தார், ஒன்றும் சொல்லவில்லை, மூடியைப் போட்டுத் திருப்பித் தந்துவிட்டார்.