லாரிக்குப் பனிச்சங்கிலி பூட்டும் முறை

நாமக்கல், சங்ககிரி லாரிகள் பல தில்லியில் சரக்கை இறக்கியபின், ஆப்பிள் ஏற்றக் காஷ்மீர் வரை செல்கின்றன. பனி கொட்டும் நாள்களில், இமாச்சலப் பிரதேசத்தின் மணாலிக்கு மேலே, வழுக்காமலிருக்க டயரில் சங்கிலி பூட்டிய வண்டிகளையும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளையும் மட்டுமே அனுமதிப்பது வழக்கம். கனரக வண்டிகளை முற்றிலும் நிறுத்திவைப்பதும் உண்டு. ஆகவே, புறப்படும் முன் போக்குவரத்துக் காவல்துறையின் அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் உள்ள அளவைக் குறித்துக்கொண்டு, தில்லி காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைகளில் அதே அளவுக்கான எஃகுச் சங்கிலியைக் கேளுங்கள். கார்களுக்கான பிளாஸ்டிக் பட்டைகளைப் பாரம் ஏற்றிய லாரிக்கு நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்ஜின் விசை செல்லும் அச்சிலுள்ள சக்கரங்களுக்கே சங்கிலி தேவை. பத்து, பன்னிரண்டு சக்கர வண்டிகளில் விசை பெறாத பின் அச்சும் இருக்கலாம். அதில் பூட்டினால் ஏற்றத்தில் இழுவை கிடைக்காது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். முறுக்கில்லாமல் பிரித்த சங்கிலியை, கொக்கிகளின் திறந்த வாய் ரப்பரைப் பார்க்காதவாறு, இரட்டை டயர்களில் வெளிப்புற டயரின் மேல் போர்த்துங்கள். பிறகு கட்டையை எடுத்து, வண்டியைச் சற்றே நகர்த்தினால் இரு முனைகளும் கைக்கு எட்டும். மீண்டும் ஹேண்ட்பிரேக் போட்டுக் கட்டை வைத்த பின்னரே கையை உள்ளே விடுங்கள்.

மிகவும் சிரமமானது உள்பக்கக் கொக்கிதான். இரு டயர்களுக்கும் இடையிலுள்ள குறுகிய சந்தில், கையுறை அணிந்த விரல்கள் எளிதில் நுழைவதில்லை. முனை வளைத்த கம்பி ஒன்றால் உள்முனையை இழுத்துப் பிடித்து மாட்டுவதே நல்லது. உள்பக்கத்தை மாட்டாமல் வெளிப்பக்கத்தை இறுக்கினால், சங்கிலி ஒருபுறமாக இழுபட்டு, உள்முனை எட்டாமலே போய்விடும். இந்த ஒரு வேலையைத் தில்லியின் காய்ந்த தரையிலேயே, கையுறையுடன், கை பழகும்வரை செய்துபாருங்கள்.

சில நூறு மீட்டர் ஓடியதும் சங்கிலி தளரும். கட்டாயம் நிறுத்தி மீண்டும் இறுக்குங்கள். தொங்கும் கண்ணி பிரேக் குழாயை அடித்து உடைத்துவிடும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். பனி தீர்ந்ததும் கழற்றிவிடுங்கள். மணாலிக்கு மேலேயுள்ள 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கம் போன்ற காய்ந்த சாலையில் சங்கிலி விரைவில் தேய்ந்து அறும்.

பின்சேர்க்கை: காலி லாரிக்கும் சங்கிலி வேண்டுமா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். அவசியம் வேண்டும்; பாரம் இல்லாதபோது பின்சக்கரங்களின் மேல் அழுத்தம் குறைவதால், அவை இன்னும் எளிதாக வழுக்கும்.