பதற்றம் வந்த பிறகு யோசிக்கச் சொல்லாதீர்கள்

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டார விடுதிப் பள்ளிகளில் பிளஸ் டூ தேர்வு நெருங்கினால் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அறிவுரை இதுதான்: "பதறாமல் நிதானமாக யோசி." நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் மனஅழுத்தம் ஏறும்போது முதலில் தளர்வது நிதானித்து யோசிக்க உதவும் மூளையின் முன்பகுதிதான். அந்த இடத்தைப் பழக்கம் பிடித்துக்கொள்கிறது.

ஜெர்மனியில் ஷ்வாபே, வோல்ஃப் என்ற ஆய்வாளர்கள் 2009இல் இதைச் சோதித்தார்கள். பனிநீரில் கையை வைக்கச் செய்து அழுத்தத்துக்கு உள்ளாக்கியவர்கள், வயிறு நிறையத் தின்று சலித்த உணவைத் தரும் வழியையே மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள். அழுத்தம் இல்லாதவர்கள் வழியை மாற்றிக்கொண்டார்கள். மாதிரித் தேர்வில் மார்க் குறைந்த அன்று கைபேசிக்குள் மூழ்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுவது அதனால்தான் தவறு. பழகிய வழியில் கால் தானாகப் போகிறது, அவ்வளவுதான்.

ஆகவே யோசிக்க வேண்டியது மனம் அமைதியாக இருக்கும் நாளில். "இப்படி நேர்ந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவுசெய்பவர்கள் அதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதை உளவியலாளர் கோல்விட்சர் 1999இல் விளக்கினார். "முதல் கேள்வி தெரியாவிட்டால் பேனாவை வைத்துவிட்டு, மூச்சை மெதுவாக விட்டு, தெரிந்த கேள்விக்குப் போவேன்." இதை ஞாயிற்றுக்கிழமை எழுதிவைத்து, ஒவ்வொரு வாரத் தேர்விலும் செய்து பார்க்க வேண்டும். பொதுத்தேர்வு அன்றுதான் முதல்முறை முயல்வது வீண். "இனிமேல் கவலைப்பட மாட்டேன்" என்ற தீர்மானமும் உதவாது. கை என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்வதில்லை.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று நம்பி, வராதபோது கைவிடுகிறவர்கள் பலர். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வில் சராசரியாக 66 நாட்கள் ஆயின; ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பும் இல்லை.

ஒரே கவலையை இரவெல்லாம் அசைபோடுவதை யோசனை என்று எண்ணிவிடாதீர்கள். யோசனை என்றால் அடுத்து செய்யும் வேலை ஒன்றாவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் படுத்துத் தூங்குவதே மேல்.

பெற்றோருக்கும் ஒன்று. விடுதிக்குப் பேசும்போதெல்லாம் "ஏன் கண்ணு, எத்தனை மார்க்?" என்றே தொடங்கினால், வீட்டு அழைப்பே பதற்றத்தின் அறிகுறியாகப் பதிந்துவிடும். சாப்பாடு, தூக்கம், நண்பர்கள் பற்றி முதலில் கேளுங்கள். தூக்கமும் பசியும் நாள்கணக்கில் கெட்டிருந்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னாலோ, தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி எண் 14416ஐ அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள்; கட்டணம் கிடையாது.