தண்டர்பேர்ட் அப்டேட் ஆனதும் ஒண்ணுமே புரியலையா? வரிசையா செட் பண்ணிக்கலாம் வாங்க

2023 ஜூலையில வந்த 115-ம் வெர்ஷன்லதான் (சூப்பர்நோவான்னு பேரு), கம்ப்யூட்டர்ல மெயில் பாக்கற சாஃப்ட்வேரான தண்டர்பேர்டோட முகமே மாறிச்சு. அப்புறம் 2024-ல 128, 2025-ல 140. பழைய வெர்ஷன்லயே ரொம்ப நாள் இருந்துட்டு நேரா இதுக்குள்ள வர்றவங்களுக்கு தலை சுத்தத்தான் செய்யும், ஆனா மெயில் எதுவும் எங்கயும் போகல, காட்டுற விதம்தான் மாறியிருக்கு. அக்கவுன்ட் சேர்க்கறது, பாஸ்வேர்ட் போடறதெல்லாம் தெரியும்னு வச்சுக்கிட்டு எழுதறேன்.

1. முதல்ல பேக்கப்

இன்னும் அப்டேட் பண்ணலைன்னா இதை கண்டிப்பா செய்ங்க. புது வெர்ஷன் ஒருதடவை உங்க ப்ரொஃபைலைத் (உங்க மெயில், செட்டிங் எல்லாம் இருக்கற ஃபோல்டர்) தொட்டுட்டா, அதே ப்ரொஃபைலை பழைய வெர்ஷன்ல திறக்க விடாது. டூல்ஸ்ல எக்ஸ்போர்ட் இருக்கு, ஆனா 2 ஜிபிக்கு மேல போனா அது ஆகாது. அதனால ஹெல்ப் > ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் போய் ப்ரொஃபைல் ஃபோல்டரைத் திறந்து வச்சுக்கிட்டு, தண்டர்பேர்டை முழுசா மூடிட்டு, அந்த ஃபோல்டரை அப்படியே வேற டிஸ்க்ல காப்பி பண்றதுதான் எனக்குப் பிடிச்ச வழி.

2. மெனு எங்க?

ஆல்ட் கீயை ஒருதடவை தட்டுங்க, வந்துடும். நிரந்தரமா வேணும்னா வியூ > டூல்பார்ஸ்ல மெனு பாரை டிக் பண்ணிடுங்க. மேல இருக்கற டூல்பார்ல ரைட் கிளிக் பண்ணி கஸ்டமைஸ் போனா டெலீட், ஆர்க்கைவ், ரிப்ளை பட்டனையெல்லாம் இழுத்து வச்சுக்கலாம்.

3. கார்டா, டேபிளா?

மெயில் லிஸ்டுக்கு மேல வலது மூலையில ஒரு சின்ன ஐகான் இருக்கும், அதுலதான் கார்ட்ஸ் வியூ, டேபிள் வியூ ரெண்டும் இருக்கு. ஒரு நாளைக்கு நிறைய மெயில் பாக்கறவங்களுக்கு டேபிள்தான் சரின்னு நான் சொல்வேன், ஒரே பார்வையில எத்தனையோ வரி தெரியும். அகலம் கம்மியான ஸ்கிரீன்ல மெயிலை பக்கத்துலயே வச்சுப் படிக்கறவங்களுக்கு கார்ட் நல்லாயிருக்கும். வலது மேல் மூலையில மூணு கோடு போட்ட மெனுவுல டென்சிட்டின்னு (வரிகளுக்கு நடுவுல எவ்வளவு இடைவெளிங்கறது) இருக்கறதை காம்பாக்ட்டுக்கு மாத்துங்க, எழுத்து சின்னதா தெரிஞ்சா அதுக்குக் கீழயே ஃபான்ட் சைஸ்.

4. எல்லாரும் சிக்கற இடம்: வரிசை

இங்க கொஞ்சம் நிதானமா படிங்க. கார்டா டேபிளாங்கறது எல்லா ஃபோல்டருக்கும் பொது. ஆனா எந்த வரிசையில அடுக்கறது, த்ரெட்டா (ஒரு மெயிலையும் அதுக்கு வந்த பதில்களையும் ஒண்ணா சேர்த்து) காட்டணுமா, டேபிள்ல எந்தெந்த காலம் (column) தெரியணும், இதெல்லாம் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனித்தனி. அதனாலதான் இன்பாக்ஸ்ல புது மெயில் மேல வர்ற மாதிரி வச்சுட்டு அடுத்த ஃபோல்டருக்குப் போனா அங்க ரொம்பப் பழைய மெயில் மேல உக்காந்திருக்கும், செட்டிங் சேவ் ஆகலையோன்னு தோணும். சேவ் ஆயிருக்கு, அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும்.

த்ரெட் விஷயமும் அப்படித்தான். மூணு வாரத்துக்கு முந்தின மெயிலுக்கு இன்னிக்கு ஒருத்தர் பதில் போட்டா, அது தனி வரியா வராம அந்தப் பழைய மெயிலுக்குள்ளயே போய் மடங்கிக்கும், வெளிய பழைய ஆளோட பேர்தான் தெரியும். பதில் வரவே இல்லைன்னு நினைச்சுடுவோம். இது வேண்டாம்னா கார்ட், டேபிள் மாத்தின அதே ஐகான்ல சார்ட் பை போய் அன்த்ரெடட் குடுங்க, டேட், டிசெண்டிங் (புதுசு மேல வரும்) ரெண்டையும் அங்கயே செலக்ட் பண்ணிடுங்க.

இப்ப ஒரு ஃபோல்டர் சரியாயிடுச்சு. மத்ததுக்கெல்லாம் ஒண்ணொண்ணா போகாதீங்க. டேபிள் வியூவுக்கு வந்து, காலம் (column) தலைப்பு வரிசையோட கடைசியில இருக்கற ஐகானை கிளிக் பண்ணா இந்த வியூவை மத்த ஃபோல்டர்களுக்கும் அப்ளை பண்றதுக்கு ஆப்ஷன் இருக்கும். அதுல அக்கவுன்ட்டையே காட்டி, ஃபோல்டரும் அதுக்குள்ள இருக்கறதும்னு குடுத்தா எல்லாத்துக்கும் போயிடும். வேலை முடிஞ்சதும் கார்டுக்குத் திரும்பிக்கலாம், வரிசை மாறாது.

அப்டேட்: 140-ல இருக்கறவங்களுக்கு இவ்வளவு சுத்து வேண்டாம். செட்டிங்ஸ்ல அப்பியரன்ஸ்னு தனிப் பகுதியே வந்திருக்கு, வரிசையும் த்ரெட்டும் எல்லா ஃபோல்டருக்கும் சேர்த்து அங்கயே வச்சுடலாம். நல்ல வேலை செஞ்சிருக்காங்க, மனசார சொல்றேன்.

5. இதையும் பழகிக்கோங்க

இடது பக்க ஃபோல்டர் லிஸ்டுக்கு மேல மூணு புள்ளி இருக்கும், அதுல ஃபோல்டர் மோட்ஸ். ரெண்டு மூணு அக்கவுன்ட் வச்சிருக்கறவங்க யூனிஃபைடு டிக் பண்ணுங்க, எல்லா இன்பாக்ஸும் ஒண்ணா வந்துடும். தேடறதுக்கு நான் எப்பவும் குவிக் ஃபில்டர்தான், கன்ட்ரோல் ஷிஃப்ட் கே அடிச்சா பேர் டைப் பண்ணப் பண்ண லிஸ்ட் சுருங்கிட்டே வரும். மெயில் படிக்கற கட்டம் திடீர்னு காணாமப் போனா எஃப் 8 தட்டுங்க, தெரியாம அந்தக் கீயில கை பட்டிருக்கும்.

ஆட்-ஆன் (நீங்க தனியா சேர்த்துக்கிட்ட கூடுதல் வசதி) ஏதாவது வேலை செய்யலைன்னா டூல்ஸ்ல ஆட்-ஆன்ஸ் போய் அது ஆஃப் ஆயிருக்கான்னு பாருங்க, புது வெர்ஷனுக்கு ஒத்துவராததை அதுவே நிறுத்தி வச்சுடும். அந்த ஆட்-ஆனை எழுதினவர் புதுசு விடற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொண்ணு, இடது ஓரத்துல மெயில், காலண்டர் ஐகான் இருக்கற பட்டையை மறைச்சுட்டு திரும்பக் கொண்டுவர வழி தெரியலைன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. ஆல்ட் தட்டி வியூ > டூல்பார்ஸ் > ஸ்பேசஸ் டூல்பார்.