யார் வரவில்லை? வருகைப் பதிவிலிருந்து ஒரு குட்டி டேட்டாபேஸ்

எங்கள் டேட்டாபேஸ் டெவலப்பர் குழுவின் வருகைப் பதிவேடு பல நாள் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில்தான் இருந்தது. ஊருக்கெல்லாம் டேபிள் வடிவமைத்துக் கொடுப்போம், எங்கள் கணக்கை மட்டும் ஒரே கட்டத்துக்குள் கமா போட்டு எழுதி வைத்திருப்போம். அந்தப் பொறுப்பு என்னுடையது என்பதால் திட்டு வாங்கியதும் நான்தான். ‘போன கூட்டத்துக்கு யாரெல்லாம் வரவில்லை?’ என்று ஒருவர் கேட்டார். அரை மணி நேரம் தேடியும் என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் டேட்டாபேஸை இப்போது செய்யலாம். எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் போதும். அதற்கு சர்வர் வேண்டாம், டேட்டாபேஸ் மொத்தமும் ஒரே கோப்புதான். திரையில் பார்த்துச் செய்ய ‘டிபி பிரவுசர் ஃபார் எஸ்கியூலைட்’ என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள்.

படி 1: முதலில் காகிதம்

கணினியைத் திறக்கும் முன் உங்களுக்கு என்னென்ன கேள்விகளுக்குப் பதில் வேண்டும் என்று எழுதுங்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை, ஒருவர் மொத்தம் எத்தனை கூட்டத்துக்கு வந்திருக்கிறார். இந்த மூன்றுமே நமக்குப் போதும்.

கூட்டம் என்று ஒரு டேபிள் போட்டு, அதிலேயே ‘வந்தவர்கள்’ என்ற ஃபீல்டில், அதாவது நெடுவரிசையில், 4,11,12 என்று உறுப்பினர் எண்களை அடுக்கிவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 1-ஆம் எண் உறுப்பினரைத் தேடினால் 11, 12 வந்த கூட்டங்களும் சேர்ந்து வந்து நிற்கும். ஒரு கட்டத்தில் ஒரு மதிப்புதான் இருக்க வேண்டும் என்பதை, டேபிள்களாகத் தரவை வைக்கும் முறையை வகுத்த எட்கர் காட் 1970-லேயே சொல்லிவிட்டார். நாம்தான் இன்னும் கமா போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே மூன்று டேபிள்: உறுப்பினர், கூட்டம், இரண்டையும் இணைக்கும் வருகை.

படி 2: டேபிள்களை உருவாக்குதல்

புதிய டேட்டாபேஸ் ஒன்றைத் தொடங்கி, டேபிள் உருவாக்கும் ஜன்னலில் ஃபீல்டுகளைச் சேருங்கள். எஸ்கியூலைட்டில் டேபிளுக்கும் ஃபீல்டுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம், மேற்கோள் குறிகூடத் தேவையில்லை. பெயரில் இடைவெளி விடாமல் அடிக்கோடு போட்டால் போதும்.

உறுப்பினர்: எண், பெயர், மின்னஞ்சல், தொலைபேசி, சேர்ந்த_தேதி. எண் இன்டிஜர் (முழு எண்), அதுதான் பிரைமரி கீ, ஒவ்வொரு ரெக்கார்டையும் தனித்து அடையாளம் காட்டுவது. மின்னஞ்சலுக்கு யுனிக் டிக் போடுங்கள், ஒரே முகவரி இரண்டு முறை வராது. தொலைபேசியை டெக்ஸ்ட் ஆக வையுங்கள். அதைக் கூட்டிக் கழிக்கப் போவதில்லை, எண்ணாக வைத்தால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும்.

கூட்டம்: எண், தேதி, தலைப்பு.

வருகை: உறுப்பினர்_எண், கூட்ட_எண். இரண்டுக்கும் சேர்த்துப் பிரைமரி கீ டிக் போடுங்கள், ஒரே ஆளை ஒரே கூட்டத்தில் இரண்டு முறை பதிய முடியாது. அப்படியே ‘நாட் நல்’ டிக்கும் வேண்டும், நல் என்றால் வெற்று மதிப்பு. பிரைமரி கீ என்றால் வெற்று மதிப்பு நுழையாது என்று நினைப்போம், எஸ்கியூலைட்டில் இப்படிப்பட்ட கீயில் நுழையும். பழைய பிழை ஒன்றைத் திருத்தாமல் விட்டு வைத்திருக்கிறார்கள்.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. எஸ்கியூலைட்டில் தேதிக்கென்று தனி வகை கிடையாது. டெக்ஸ்டில் 2024-03-09 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் பூஜ்யத்தோடு எழுதுங்கள். 2024-3-9 என்று எழுதினால் அது 2024-03-10-க்குப் பிந்தையதாகிவிடும், ஏனென்றால் ஒப்பீடு எழுத்து எழுத்தாக நடக்கிறது.

படி 3: ஃபாரின் கீ

வருகையின் இரண்டு ஃபீல்டுகளையும் உரிய டேபிள்களின் எண் ஃபீல்டோடு ஃபாரின் கீயாக இணையுங்கள். அந்த டேபிளில் இல்லாத எண்ணை வருகையில் பதியவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. இணைத்தால் மட்டும் போதாது. எஸ்கியூலைட் வழக்கமாக ஃபாரின் கீயைச் சோதிப்பதில்லை, டேட்டாபேஸைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ப்ராக்மா என்ற அமைப்புக் கட்டளையால் அதை ஆன் செய்ய வேண்டும். இந்த மென்பொருளில் ப்ராக்மா பகுதியில் அது டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். நாளை பைத்தானிலிருந்து இதே கோப்பைத் திறந்தால் அங்கேயும் மறக்காமல் ஆன் செய்யுங்கள்.

இரண்டு மூன்று கூட்டங்களின் விவரத்தை உள்ளிட்டு, மாற்றங்களை எழுதும் பொத்தானை அழுத்துங்கள். அழுத்தாத வரை எதுவும் கோப்பில் சேராது.

படி 4: வராதவரைக் கேட்பது

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். வருகை டேபிளில் வந்தவர்கள்தான் இருக்கிறார்கள். வராதவருக்கு ரெக்கார்டே கிடையாது. இல்லாத ரெக்கார்டை எப்படித் தேடுவது? எல்லா உறுப்பினரையும் எடுத்து வைத்து, பக்கத்தில் வருகையை ஒட்டிப் பார்த்து, ஒட்டாமல் நின்றவர்களைப் பிடிக்க வேண்டும். லெஃப்ட் ஜாயின் செய்வது அதைத்தான். கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்பில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்:

செலெக்ட் உறுப்பினர்.பெயர்
ஃப்ரம் உறுப்பினர்
லெஃப்ட் ஜாயின் வருகை
ஆன் வருகை.உறுப்பினர்_எண் = உறுப்பினர்.எண்
அண்ட் வருகை.கூட்ட_எண் = 7
வேர் வருகை.உறுப்பினர்_எண் இஸ் நல்;

‘கூட்ட_எண் = 7’ என்பது ‘ஆன்’ பகுதியில் இருப்பதைக் கவனியுங்கள். அதை ‘வேர்’ பகுதிக்கு இறக்கினால் பதில் காலியாக வரும். ஒட்டாமல் நின்றவருக்குக் கூட்ட எண்ணும் நல்தான், நல் ஒருபோதும் 7-க்குச் சமமாகாது. அது எதற்குமே சமமாகாது, இன்னொரு நல்லுக்கும்கூட. அதனால்தான் கடைசி வரியில் சமக்குறி போடாமல் ‘இஸ் நல்’ என்று எழுதுகிறோம்.

நான் இந்தப் பட்டியலைப் பெருமையோடு குழுவில் காட்டினேன். அந்தக் கூட்டம் நடந்து ஒரு மாதம் கழித்துச் சேர்ந்தவரின் பெயரும் ‘வரவில்லை’ என்று அதில் இருந்தது. அவர் சிரித்துக்கொண்டார், நான் சிரிக்கவில்லை. சேர்ந்த_தேதி ஃபீல்டு வந்தது அதற்குப் பிறகுதான். உறுப்பினரின் சேர்ந்த_தேதி அந்தக் கூட்டத் தேதிக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ‘வேர்’ பகுதியில் சேர்த்தால் சரியாகிவிடும் (7-ஆம் கூட்டத்தின் தேதி 2024-03-09 என்று வைத்துக்கொள்வோம்):

அண்ட் உறுப்பினர்.சேர்ந்த_தேதி <= '2024-03-09';

இந்த நிபந்தனை மட்டும் ‘வேர்’ பகுதிக்குப் போகலாம், ஏனென்றால் அது இடப்பக்க டேபிளைப் பற்றியது. முந்தைய வரியின் முடிவில் உள்ள அரைப்புள்ளியை எடுத்துவிட்டுச் சேருங்கள்.

படி 5: எத்தனை முறை?

இதே லெஃப்ட் ஜாயினில் கூட்ட எண் நிபந்தனையையும் ‘வேர்’ பகுதியையும் நீக்கிவிட்டு, உறுப்பினர்.எண் வாரியாக ‘குரூப் பை’ செய்யுங்கள், அதாவது ஒருவருடைய வரிகளை எல்லாம் ஒன்றாகச் சேருங்கள். பெயர் வாரியாகச் செய்தால் ஒரே பெயர் கொண்ட இருவரின் கணக்கு ஒன்றாகிவிடும். எண்ணும்போது ‘கவுண்ட்’ அடைப்புக்குள் நட்சத்திரம் போடாதீர்கள். ஒரு கூட்டத்துக்கும் வராதவருக்கும் அது 1 என்று காட்டும், ஒட்டாமல் நின்ற அந்த ஒரு வரியையும் எண்ணிவிடுவதால். அங்கே வருகை.கூட்ட_எண் என்று கொடுங்கள், நல்லை விட்டுவிட்டு 0 என்று வரும்.

அப்புறம், மென்பொருளை மூடிவிட்டு அந்தக் கோப்பை வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். பேக்கப் அவ்வளவுதான்.