பழைய போட்டோவைப் படிக்கும்போதும் பாதுகாக்கும்போதும் நடக்கும் தவறுகள்

பரணிலிருந்து பழைய போட்டோக்களை இறக்கியதும் எல்லோரும் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறோம். எந்த ஊர், எந்த வருஷம், யார் எடுத்தது என்று தெரிய வேண்டுமானால் முகத்தைவிட அட்டையும் ஓரமும் பின்பக்கமும்தான் நம்பகமான சாட்சி. அதைப் பார்க்காமலே பிரேமிலிருந்து பிரித்து, ஓரத்தை நறுக்கி, புது அட்டையில் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு பின்பக்கம் போனது போனதுதான். ஆகவே எதைத் தொடும் முன்பும் முன்பக்கம், பின்பக்கம், அட்டை மூன்றையும் தனித்தனியாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கத்தில் ஸ்டுடியோ முத்திரை இருந்தால் முகவரியைக் கவனியுங்கள். 625001 போல ஆறு இலக்க எண் இருந்தால் அந்த முத்திரை 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு செய்தது. பின்கோடு அன்றுதான் வந்தது. அதற்கு முன் ‘மதுரை-1’ என்ற அளவில்தான் இருக்கும். காகிதத்தில் மங்கலாக ‘ஆக்ஃபா-கெவார்ட்’ என்று தெரிந்தால் 1964-க்குப் பிந்தையது, அந்த இரண்டு கம்பெனிகளும் அந்த வருஷம்தான் ஒன்றாயின. ‘இந்து’ என்று இருந்தால் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் காகிதம். அங்கே உற்பத்தி தொடங்கியது 1967-ல்.

பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். இந்த அடையாளங்கள் எல்லாம் ‘இதற்கு முன் இருக்க முடியாது’ என்று மட்டுமே சொல்லும்; எடுத்த வருஷத்தைச் சொல்லாது. பழைய ரப்பர் முத்திரையை ஸ்டுடியோக்காரர் பல வருஷம் வைத்துக் குத்தியிருப்பார். படத்தில் விழுந்த கடைப் பலகைக்கும் இதே கதிதான். 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் வந்த புது ‘லை’, ‘னை’ இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தைய படம் என்று சொல்லலாம். துதிக்கை வைத்த பழைய ‘லை’ இருப்பதால் முந்தைய படம் என்று சொல்ல முடியாது. பலகையை யாரும் மறுநாளே மாற்றி எழுதவில்லை. சுவரில் இருக்கும் சினிமா போஸ்டர் இன்னும் மோசமான சாட்சி. எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் மதுரைத் தியேட்டர்களில் திரும்பத் திரும்ப ஓடியவை. வண்டியில் டிஎன் 58, டிஎன் 59 என்று நம்பர் தெரிந்தால் 1989-க்குப் பிறகு என்று தைரியமாக எழுதலாம்.

மறுபிரதி இன்னொரு கண்ணி. 1940-களில் எடுத்த தாத்தா படத்தை 1975-ல் ஸ்டுடியோவில் கொடுத்துப் படத்தையே படம் எடுத்துப் பெரிதாக்கி மாட்டியிருப்பார்கள். காகிதமும் முத்திரையும் 1975-ஐச் சொல்லும். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு: படத்தில் மடிப்புக்கோடோ கீறலோ தெரிகிற இடத்தில் ஜன்னல் வெளிச்சத்தைச் சாய்வாக விழவிட்டுப் பாருங்கள். கோடு கண்ணுக்குத் தெரிந்தும் காகிதம் வழவழவென்று சமமாக இருந்தால், அந்த மடிப்பு மூலப்படத்தில் இருந்தது. மூலம் வேறு யார் வீட்டிலோ இன்னும் இருக்கலாம், பங்காளி வீடுகளில் கேட்டுப் பாருங்கள்.

ஸ்டுடியோ படத்தைப் பார்த்து வசதியைக் கணிப்பது அடுத்த தவறு. கோட்டு, கைக்கடிகாரம், ரேடியோ, டெலிபோன் எல்லாம் ஸ்டுடியோவிலேயே வைத்திருந்து கொடுப்பார்கள். பின்னால் தெரியும் தூண் மண்டபமும் பூந்தோட்டமும் தாஜ்மகாலும் திரைச்சீலை. தரையோடு சேரும் இடத்தில் துணிச் சுருக்கம் தெரியும். கணவன் மனைவி சேர்ந்து நிற்கும் படம்கூடச் சில வேளை ஒட்டுப்படம். ஒருவர் இறந்தபின் தனித்தனிப் படங்களை வெட்டிச் சேர்த்து, தூரிகையால் ஓரம் தீட்டியிருப்பார்கள். மூக்கின் நிழல் ஒருவருக்கு இடப்பக்கமும் மற்றவருக்கு வலப்பக்கமும் விழுந்தால் சந்தேகப்படுங்கள்.

சேலைத் தலைப்பு வலத்தோளில் இருக்கிறதே, நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்று உடனே கம்ப்யூட்டரில் புரட்டிவிடாதீர்கள். மடிசார் கட்டில் தலைப்பு வலத்தோளில் வருவதும் உண்டு. ஆண்களின் சட்டைப் பொத்தான் மடிப்பையும், எங்காவது எழுத்து இருந்தால் அதையும் பார்த்து முடிவெடுங்கள்.

கறுப்பு வெள்ளையில் நிறத்தை ஊகிப்பதிலும் கவனம் வேண்டும். பழைய கண்ணாடித் தகடுகளும் பிலிம்களும் பெரும்பாலும் சிவப்பை உணராதவை. குங்குமம் கறுப்பாகவும், அரக்குச் சுங்குடி ஏறக்குறையக் கறுப்புச் சேலையாகவும் விழும், நீலம் வெளுத்துப்போகும். மனிதரின் நிறமும் உள்ளதைவிடக் கறுத்தே தெரியும். இந்த நிலையில் செயலி நிறம் ஏற்றிக் கொடுப்பது வெறும் ஊகம். அதைவிடக் கெடுதல் ‘தெளிவாக்கும்’ செயலிகள். சுங்குடிப் புள்ளிகளை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும், மங்கிய முகத்துக்கு இல்லாத கண்ணிமையை வரைந்துவிடும். அது உங்கள் பாட்டியின் முகம் அல்ல. செய்து பார்க்க ஆசை இருந்தால் தனிக் கோப்பாக, ‘நிறமேற்றியது’ என்று பெயரிலேயே எழுதி வையுங்கள்.

‘மதுரை, 1858’ என்று சுற்றும் படங்களிலும் பாதி தப்பு. லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படக்காரர் 1858-ல் மதுரையைப் படமெடுத்தது உண்மை. அதில் திருமலை நாயக்கர் மகால் சிதிலமாகத் தெரியும். 1866 முதல் 1872 வரை சென்னை மாகாணக் கவர்னராக இருந்த நேப்பியர் காலத்தில்தான் பழுது பார்த்தார்கள். மீனாட்சி கோயிலின் வடக்குக் கோபுரம் 1858-ல் உச்சி முடியாத மொட்டைக் கோபுரம். அந்தக் கோபுரம் கலசத்தோடு முழுதாக நின்றால் 1858 என்ற தேதி நிற்காது. வைகையில் ஏ.வி. பாலம் தெரிந்தால் 1889-க்குப் பிறகு.

இனி கை வைக்கும் விஷயம். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்கவே கூடாது. படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இளகி, காய்ந்ததும் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். சாய்த்துப் பாருங்கள்: ஒட்டிய இடம் நனைந்ததுபோல் அடர்ந்து மினுங்கும், ஒட்டாத இடம் வெளிறியிருக்கும். பிளேடு விட்டாலோ, ஹேர் டிரையரால் சூடு காட்டினாலோ முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடே படம் எடுங்கள்: ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும், பிளாஷ் வேண்டாம், உங்கள் பின்னால் கறுப்புத் துணி, போன் அரை மீட்டர் தள்ளி 2 மடங்கு ஜூமில் படத்துக்கு நேராக. புதிதாகப் பிரேம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி விடும் அட்டைச் சட்டம் கேளுங்கள்.

தண்ணீர், கொலின், எச்சில் எதுவும் படக்கூடாது. கையால் வண்ணம் தீட்டிய படத்தில் ஈரத்துணி பட்டால் கன்னச் சிவப்பும் நகை மஞ்சளும் துணியோடு வந்துவிடும். மெல்லிய காய்ந்த தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினால் போதும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூடும் பசையும் சேர்வதால் பின்னால் பிரிக்க வழியில்லை.

பசைத்தாளும் பிளாஸ்டிக் மூடியும் கொண்ட ஆல்பத்திலிருந்து படத்தை எடுக்க, மெழுகு பூசாத பல் இடுக்கு நூலை (டென்டல் ஃபிளாஸ்) அடியில் நுழைத்து மெல்ல அறுத்துச் செல்லுங்கள். வராவிட்டால் தாளோடே வெட்டி எடுங்கள். பின்னால் எழுத மென்மையான பென்சில்தான்; பால்பாயின்ட் பேனா அழுத்தம் முன்பக்கம் புடைக்கும், மை ஊறும். பிளாஸ்டிக் பூச்சுக் காகிதத்தில் பென்சில் எழுதாது, உறைமேல் எழுதிவிடுங்கள். பரண் வேண்டாம்: சித்திரை, வைகாசி வெயிலில் தளத்துக்கு அடியில்தான் சூடு அதிகம். அலமாரியின் நடுத்தட்டு நல்லது.

ஸ்கேன் செய்யும்போது கறுப்பு வெள்ளையானாலும் கலரில் எடுங்கள், கறையும் பழுப்பும் தனியாகத் தெரியும். 4×6 பிரிண்டுக்கு 600 டிபிஐ. டிஃப் கோப்பாக ஏறக்குறைய 26 எம்பி வரும். ஆக்ஃபா கிளிக் கேமராவின் இரண்டே கால் அங்குலச் சதுரப் படங்களுக்கு 1200. கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கு ஸ்கேனரின் தானியங்கித் தூசி நீக்கத்தை அணைத்துவிடுங்கள். உள்ளிருக்கும் வெள்ளியையே தூசி என்று எடுத்துக்கொண்டு படத்தைக் குதறும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

பெரியவர்களிடம் கேட்கும்போது “இது சின்னத் தாத்தாதானே அப்பத்தா?” என்று பதிலையும் சேர்த்துக் கேட்காதீர்கள், ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். படத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். ‘இடமிருந்து’ என்று எழுதினால் பார்ப்பவருக்கு இடமா, படத்தில் இருப்பவருக்கு இடமா என்பதையும் எழுதுங்கள். அப்பத்தா ஒரு பெயரும் பெரியப்பா வேறு பெயரும் சொன்னால் ஒன்றை அடித்துவிடாமல், யார் எப்போது சொன்னது என்ற குறிப்போடு இரண்டையும் உறைமேல் எழுதி வையுங்கள்.