மலைக்குப் போகும் போர்ட்டா கேபினுக்கு இன்சூரன்ஸ்: பட்டறைக்காரன் சொல்வது

போடியில் என் பட்டறையில் செய்கிற போர்ட்டா கேபின்கள், அதாவது லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் நிறுத்துகிற ரெடிமேட் அறைகள், பெரும்பாலும் கேரளத்தில் பூப்பாறை, சாந்தன்பாறை, சூரியநெல்லிப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குத்தான் போகும். முன்பெல்லாம் தோட்டக்காரர் தங்க வாங்குவார்கள். இப்போது டூரிஸ்ட்டுக்கு வாடகைக்கு விட வாங்குகிறவர்களும் நிறைய. சாவி கைமாறும்போது, "இதுக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமாண்ணே?" என்பார்கள். கிடைக்கும். ஆனால் எது கிடைக்கும் என்பது, உங்கள் பொருள் என்னவென்று கம்பெனியிடம் நீங்கள் எழுதிக் கொடுப்பதைப் பொறுத்தது.

சக்கரமும் பதிவு எண்ணும் இருந்தால் அது வண்டி. கேரளச் சுற்றுலாத் துறை 2021-ல் கொண்டுவந்த கேரவன் திட்டத்து வண்டிகள் இந்த வகை. மோட்டார் வாகனச் சட்டப்படி தேர்டு பார்ட்டி இல்லாமல் ரோட்டில் ஓட்டக் கூடாது. உள்ளே இருக்கும் கட்டில், ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாம் அந்தப் பாலிசியில் தானாக வந்துவிடாது, தனியாகக் கேளுங்கள். சிமென்ட் பீடத்தில் போல்ட் முடுக்கி நிறுத்திய கேபின் வண்டியில்லை. அதற்குச் சொத்துக் காப்பீடுதான்.

நீங்களே குடியிருந்தால் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்கிற வீட்டுப் பாலிசியைக் கேளுங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் இதன் அடிப்படை வாசகம் ஒன்றே. தீ, இடி, புயல், வெள்ளம், நிலச்சரிவு, நிலநடுக்கம், காட்டுத்தீ, மரம் விழுவது எல்லாம் அடக்கம். வீட்டுச் சாமானுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாகச் சேரும். வாடகைக்கு விட்டால் கதை வேறு. அது தொழில். 5 கோடிக்குள் உள்ள சொத்துக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்று சிறுதொழில் பாலிசி ஒன்று இருக்கிறது, அதைக் கேளுங்கள். பிரீமியம் குறையுமென்று வீட்டுப் பாலிசி எடுத்துவிட்டு ஆன்லைனில் ரூம் புக்கிங் ஓட்டினால், கிளெய்ம் வரும்போது அந்த புக்கிங் பக்கத்தைத்தான் முதலில் காட்டுவார்கள்.

விண்ணப்பத்தில் சுவர் எதனால் ஆனது என்று ஒரு கேள்வி வரும். ஏஜென்ட் பழக்கதோஷத்தில் 'கான்கிரீட்' என்று போட்டுவிடுவார். நீங்கள் பேனாவை வாங்கி 'இரும்பு ஃபிரேம், பஃப் பேனல்' என்று எழுதுங்கள். பேனலின் இரண்டு தகட்டுக்கு நடுவில் இருப்பது ஃபோம், தீப்பிடித்தால் நிற்காது. கம்பெனி அதைத் தெரிந்துதான் ரேட் போட வேண்டும். வாசலில் மூங்கில், தார்ப்பாய் போட்டு ஒரு சாய்ப்பு இறக்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த மாதிரிச் சுவரும் கூரையும் அவர்கள் கணக்கில் 'கச்சா', அதாவது உறுதியில்லாத கட்டுமானம். 'இந்தக் கேபினைக் கட்டடமாக ஏற்கிறோம்' என்று மெயிலில் ஒரு வரி வாங்கி வையுங்கள்.

தொகை விஷயத்தில் பலரும் என் பில்லை மட்டும் பார்க்கிறார்கள். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவு ஏற்றுகிற லாரி வாடகை, இறக்குகிற கிரேன், பீடம், வயரிங், செப்டிக் டேங்க் எல்லாம் இன்னொரு தடவை செய்தால் என்ன ஆகுமோ அதுதான் உங்கள் தொகை. வீட்டுப் பாலிசியில் கார்பெட் பரப்பை, அதாவது சுவர் போக உள்ளே இருக்கும் தரையளவை, ஒரு கட்டுமான ரேட்டால் பெருக்குவார்கள். 20-க்கு 8 அடி கேபின் வெளியளவில் 160 சதுர அடி, பேனல் தடிமன் போக உள்ளே அதைவிடக் குறைவு. ரேட்டில் இந்தச் செலவுகள் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மண்ணின் விலை எந்தப் பாலிசியிலும் வராது.

மண் என்றதும், அங்கேதான் பாதி தகராறு. மலையில் ஒரு பக்கம் வெட்டி, அந்த மண்ணை மறுபக்கம் கொட்டிச் சமன் செய்வது வழக்கம். பாலிசியில் நிலச்சரிவு உண்டு. ஆனால் கொட்டி நிரப்பிய மண் இறங்குவதும், தோண்டும் வேலையால் சரிவதும் விலக்கு. சூரியநெல்லியில் ஒரு கஸ்டமர் கூப்பிட்டார், கதவு சாத்த மாட்டேன் என்கிறதென்று. போய்ப் பார்த்தால், பள்ளத்துப் பக்கத்து இரண்டு பீடமும் நாலு விரல் இறங்கி, ஃபிரேம் முறுக்கி நிற்கிறது. அவருக்கு அது உருள்பொட்டல், அதாவது நிலச்சரிவு. கம்பெனி அனுப்பிய சர்வேயர் பீடத்தடியில் கம்பியைக் குத்தினார், முழங்கை வரை சுலபமாகப் போனது. கிளெய்ம் கிடைக்கவில்லை. அதனால் நாலு பீடமும் வெட்டிய பக்கத்துக் கெட்டி மண்ணில் நிற்கட்டும். குழி எடுக்கும்போதே தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

யானை. அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைச் சின்னக்கானலிலிருந்து 2023-ல் பிடித்துக் கொண்டுபோய் விட்டும், கம்பம் டவுனுக்குள்ளேயே வந்து நின்றதைப் பார்த்தோம். 'வெளிப்பொருள் மோதுவது' என்ற பாலிசி வரியில் காட்டு யானை முட்டுவது அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி 'ஆமா சார்' செல்லாது. மழைக்காலத்தில் கேபினை மாதக்கணக்கில் பூட்டிப் போடுவீர்கள் என்றால் அதையும் அதே மெயிலில் சேருங்கள்.

இடம் மாற்றினால் பாலிசி கூடவே வராது. லாரியில் போகும்போது சரக்கு இன்சூரன்ஸ் தனி, லாரியின் பாலிசி உங்கள் கேபினைக் காக்காது. புது இடத்தின் சர்வே நம்பரைக் கம்பெனியில் திருத்தி வாங்கிய பிறகு கிரேனைக் கூப்பிடுங்கள்.

கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதிலில்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்) போங்கள். செலவில்லை, வக்கீலும் வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் இடத்தை வைத்தோ, பாலிசி கொடுத்த கிளையை வைத்தோ போகலாம். வீடு தேனி மாவட்டத்தில் என்றால் சென்னை அலுவலகம், கிளை இடுக்கியில் என்றால் கொச்சி. கம்பெனியின் கடைசிப் பதில் வந்து ஒரு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும்.