கடம்பாவைத் திறந்து பிள்ளைகளுக்குக் காட்டுவது எப்படி?

கணவாய் இனங்களின் உடலமைப்பைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஆய்வகம் தேவையில்லை. சென்னையின் காசிமேட்டிலோ நொச்சிக்குப்பத்திலோ காலையில் வாங்கிய கடம்பாவும் (ஸ்க்விட் எனப்படும் கணவாய் வகை), நுனி மழுங்கிய கத்தரிக்கோலும், ஓர் எவர்சில்வர் தட்டும் போதும். மீன்கார அம்மாவிடம் "சுத்தம் செய்யாமல் அப்படியே கொடுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அவர் கைப்பழக்கத்தில் தலையைப் பிடித்து இழுக்க, நாம் காட்ட நினைத்த உறுப்புகளில் பாதி அங்கேயே போய்விடும். மூன்று பிள்ளைகளுக்கு ஒன்று என்ற கணக்கில், ஒரு சாண் நீளமுள்ளவையாக வாங்குங்கள். விசைப்படகுகளுக்குத் தடை உள்ள ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வரத்து குறையும் என்பதால் வகுப்பை வேறு மாதங்களில் வைத்துக்கொள்வது நல்லது. கடலுணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் யாரென்று பெற்றோரிடம் கேட்டறிந்து, அவர்களைத் தொட விடாதீர்கள்.

அறுப்பதற்கு முன் எண்ணச் சொல்லுங்கள். எட்டுக் குட்டைக் கைகள், இரை பிடிக்க இரண்டு நீண்ட கைகள், ஆகப் பத்து. ஆக்டோபஸுக்கு எட்டு மட்டுமே. சிறிய ஆக்டோபஸ் ஒன்று கிடைத்தால் அருகில் வைத்து, உறிஞ்சிகளை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்: ஆக்டோபஸுடையது வெறும் சதை, கடம்பாவுடையதில் பல் வைத்த வளையம் நெருடும்.

பிறகு, நீரைப் பீய்ச்சும் குழல் மேலே தெரியும்படி கிடத்தி, அந்தக் குழலின் பக்கமிருந்து வால்முனை வரை மேல்தோலை மட்டும் தூக்கிப் பிடித்து வெட்ட வேண்டும். முதன்முறை நான் ஆழமாக வெட்டியதில் மைப்பை கிழிந்து, அன்றைய பாடம் முழுவதும் கறுப்பாகவே முடிந்தது. இருபுறமும் இறகுபோல் இருப்பவை செவுள்கள். தட்டில் சிறிது நீர் ஊற்றினால் அவை விரிந்து மிதக்கும். ஒவ்வொரு செவுளின் அடியிலும் ஓர் இதயம், நடுவில் உடலுக்கெல்லாம் குருதி அனுப்பும் மூன்றாவது. குருதியில் இரும்புக்குப் பதில் செம்பு இருப்பதால், உயிர்க்காற்று கலந்திருக்கையில் அது நீலம். செத்த கடம்பாவில் அந்நிறம் தெரியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஏமாற்றம் இருக்காது.

கைகளின் நடுவே அழுத்தினால் கிளிமூக்கு போன்ற அலகு வெளிவரும். உணவுக்குழாய் மூளையின் நடுவே துளைத்துச் செல்வதால், இரையை அலகால் சிறு துண்டுகளாக்கியே அது விழுங்கியாக வேண்டும்.

முதுகுப்புறம் ஒளிந்திருக்கும் கண்ணாடி போன்ற தகட்டை மெல்ல உருவுங்கள். "பிளாஸ்டிக்கை விழுங்கிவிட்டது" என்று யாராவது ஒரு பிள்ளை கூவாமல் இருப்பதில்லை. நண்டின் ஓட்டில் இருக்கும் கைட்டின் என்ற பொருளே இதிலும் உள்ளது. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கும் வெள்ளை ஓடு, ஓட்டுக் கணவாயின் உடலுக்குள் இதே இடத்தில் இருப்பதுதான்.

கடைசியாக, வெள்ளி போல் மின்னும் மைப்பையைக் கிண்ணத்தில் கீறி, இரண்டு சொட்டு நீர் விட்டுக் குழையுங்கள். உருவிய தகட்டின் முனையை அதில் தோய்த்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரைத் தாளில் எழுதட்டும்.